அல்பெண்டசோலும் பிராசிகுவாண்டெலும்: பாலிமர் எந்த அளவுக்கு உதவும்?

கேட்டவர் எம்.பார்ம். (மருந்தாக்கவியல் முதுநிலை) மாணவர். அவருடைய கேள்வியின் சுருக்கம் இது: புழு நீக்க மருந்துகளான அல்பெண்டசோலும் பிராசிகுவாண்டெலும் நீரில் மிகக் குறைவாகவே கரைகின்றன, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பாலிமருடன் சேர்த்துத் திண்ம விரவலாக (மருந்து நுண்ணியதாகப் பரவியிருக்கும் திடக்கலவையாக) மாற்றினால் கரைதிறன் பல மடங்கு உயர்வதாக ஆய்வுக் கட்டுரைகள் காட்டுகின்றன, ஆய்வேட்டுக்கு இரண்டில் எதை எடுப்பது, எந்தப் பாலிமரைத் தேர்வது, இவ்வளவு நன்மை இருந்தும் மருந்துக் கடையில் ஏன் இன்னும் பழைய மாத்திரையே கிடைக்கிறது? பாலிமரின் பெயரைக் கேட்கும் கேள்வியாக இது அமைந்திருந்தாலும், அந்தக் கடைசிப் பகுதியில்தான் உண்மையான ஐயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆய்வகக் குடுவையில் காணும் கரைதிறன் உயர்வு நோயாளிக்குப் பயனாக மாறுமா என்பதே அது. மாத்திரைகளையும் திண்ம விரவல்களையும் உருவாக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். ஆகவே இங்கே வரும் மருந்தளவுகளைக் கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், சிகிச்சைக்கான அறிவுரையாக அல்ல.

எந்த ஒட்டுண்ணி மருந்தாக இருந்தாலும், பாலிமரைப் பற்றி யோசிக்கும் முன் ஒட்டுண்ணி உடலில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தியாவில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் 400 மி.கி. அல்பெண்டசோல் மாத்திரையின் இலக்கு குடலுக்குள் இருக்கும் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும்தான். விழுங்கிய மருந்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது என்பது அங்கே குறையே அல்ல. மருந்து இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. குடல் நாடாப்புழுவுக்குக் கொடுக்கப்படும் நிக்லோசமைடும் அப்படித்தான். இத்தகைய பயன்பாட்டில் உறிஞ்சப்படும் அளவைக் கூட்டினால் புழுவுக்குப் போக வேண்டிய மருந்தைப் பிள்ளையின் கல்லீரலுக்கு அனுப்பியதாகவே முடியலாம். நுண்துகளாகக் கரைந்த மருந்து புழுவின் மேற்தோல் வழியே எளிதாக நுழையும் என்ற வாதமும் உண்டு, அது கொள்கையளவில் சரியே. ஆயினும் கரைந்த மருந்தில் எவ்வளவு புழுவுக்குச் செல்லும், எவ்வளவு குடற்சுவர் வழியே வெளியேறும் என்பது புழுவுக்குப் புழு மாறும். பெருங்குடலில் தங்கும் சாட்டைப்புழுவை மருந்து எட்டுவதற்குள் சிறுகுடலிலேயே அது உறிஞ்சப்பட்டுவிட்டால் நிலைமை மோசமாகவும் கூடும்.

அதே அல்பெண்டசோல் மூளையில் தங்கிய பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டிக்கோ, கல்லீரலில் வளரும் ஹைடாடிட் கட்டிக்கோ (நாய் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி) கொடுக்கப்படும்போது கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. இங்கே மருந்து குடற்சுவரைத் தாண்டி, இரத்தத்தில் சேர்ந்து, கட்டிக்குள் போக வேண்டும். இதைத் தொலைதூரத்து நோய் என்று நம் வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது: வேலூர் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு, வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் தங்கிய இந்தப் பன்றி நாடாப்புழுக் கட்டிதான் காரணம் என்று கண்டது. கரைதிறனை உயர்த்தும் முயற்சிக்குப் பொருள் இருப்பது இந்த இரண்டாவது வகை நோய்களில்தான். ஆய்வேட்டின் முன்னுரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதாமல், ‘குடற்புழுக்கள் கோடிக்கணக்கானோரைப் பாதிக்கின்றன, ஆகவே கரைதிறனை உயர்த்துகிறோம்’ என்று தொடங்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு உடனே ஐயம் எழும்.

அடுத்து, எந்த மருந்து? இரண்டையும் ஒரே வகுப்பில், அதாவது குறைவாகக் கரையும், ஆனால் எளிதில் ஊடுருவும் இரண்டாம் வகுப்பில், பாடநூல்கள் வைக்கின்றன. எண்களைப் பார்த்தால் இவை ஒரே தன்மையுடையவை அல்ல என்பது புரியும். பிராசிகுவாண்டெல் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 0.4 மி.கி. கரைகிறது, 600 மி.கி. மாத்திரை ஒன்று முழுமையாகக் கரைய ஒன்றரை லிட்டர் நீர் போதும். குடலில் ஒரே நேரத்தில் அவ்வளவு நீர் இருப்பதில்லை என்றாலும், கரைந்த பகுதி உறிஞ்சப்பட உறிஞ்சப்பட மீதி கரைந்துகொண்டே போகும். அல்பெண்டசோலோ நடுநிலை நீரில் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில், சில அளவீடுகளில் அதற்கும் குறைவாக, கரைகிறது. அந்தக் கணக்கில் 400 மி.கி. கரைய 400 லிட்டர் நீர் வேண்டும். முதலாவது சிறிது உதவினால் சமாளித்துவிடும் மருந்து. இரண்டாவதற்குக் கரைதிறன்தான் தலையாய தடை.

பிராசிகுவாண்டெல் விழுங்கிய அளவில் ஏறத்தாழ 80 விழுக்காடு உறிஞ்சப்படுகிறது என்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் இரத்தத்தில் மாறாத நிலையில் மிகக் குறைவாகவே காணப்படுவதற்குக் காரணம், குடலிலிருந்து கல்லீரலைக் கடக்கும் முதல் சுற்றிலேயே நொதிகள் அதை உருமாற்றிவிடுவது. உருமாறிய பொருள்களுக்குப் புழுவைத் தாக்கும் ஆற்றல் மிகவும் குறைவு. நொதிகளைத் தூண்டும் பெனிடாயின், கார்பமசெபைன், டெக்சாமெத்தசோன் ஆகியவை இதன் இரத்த அளவைக் குறைக்கின்றன, நொதிகளைத் தடுக்கும் சிமெடிடின் உயர்த்துகிறது. இதிலிருந்தே தடை கல்லீரலில் இருக்கிறது என்பது விளங்கும், பாலிமரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வேகமாகக் கரைந்தால் நொதிகள் ஒரே நேரத்தில் திணறி, அதிக மருந்து தப்பிச் செல்லும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது நடக்கக்கூடியதே, ஆனால் நம்பி ஆய்வேட்டைக் கட்டும் அளவுக்கு உறுதியானதல்ல. போதாக்குறைக்கு இந்த மருந்து வலக்கை, இடக்கை வடிவங்களின் சமக்கலவை. புழுவைக் கொல்வது அவற்றில் ஒன்று மட்டுமே, மற்றது பயனற்றதோடு கசப்பின் பெரும்பகுதிக்கும் காரணம். பயன்தரும் வடிவத்தை மட்டும் கொண்டு, சிறு பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்ட 150 மி.கி. கரையும் மாத்திரைக்கு 2023 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமான கருத்து வழங்கியது. பிராசிகுவாண்டெலில் உண்மையான முன்னேற்றம் அந்த வழியில்தான் வந்தது. பாலிமர் வழியில் அல்ல.

அல்பெண்டசோலின் நிலை இதற்கு நேர்மாறு. அதுவும் கல்லீரலில் உடனே உருமாறுகிறது, ஆனால் உருமாறி வரும் அல்பெண்டசோல் சல்பாக்சைடுதான் திசுக்களில் உள்ள புழுவைத் தாக்கும் பொருள். ஆகவே முதல் சுற்று உருமாற்றம் இங்கே இழப்பு அன்று. எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு பயன் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இதற்கு வலுவான சான்று எந்தப் பாலிமர் ஆய்விலும் இல்லை, உணவில் இருக்கிறது: சுமார் 40 கிராம் கொழுப்பு உள்ள உணவோடு சாப்பிட்டால் சல்பாக்சைடின் இரத்த அளவு, வெறும் வயிற்றில் சாப்பிட்டதைவிட ஐந்து மடங்கு வரை உயர்கிறது. கொழுப்பு பித்தநீரை வரவழைக்கிறது, பித்த உப்புகள் மருந்தை நுண்திவலைகளில் ஏற்றிக் கரைக்கின்றன. மலேரியா மருந்தான லுமெபாந்த்ரினில் இந்த விளைவு இன்னும் பெரியது: கொழுப்புணவோடு 16 மடங்கு. எனவே உங்கள் ஆய்வேட்டுக்கு என் தேர்வு அல்பெண்டசோல்தான். ஒரு நிபந்தனையும் உண்டு. உங்கள் பாலிமர் கலவை வெறும் வயிற்றில் கொடுத்த மாத்திரையை வென்றது என்று காட்டினால் போதாது, எண்ணெய் சேர்ந்த உணவோடு கொடுத்த மாத்திரையை எட்டிப் பிடிக்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. உணவு இலவசமாகத் தரும் ஐந்து மடங்கைப் பாலிமர் விலை கொடுத்து வாங்கித் தருவதில் பொருளில்லை. கொழுப்புணவை உண்ண முடியாதவர்கள், வாந்தியோடு வருபவர்கள், ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு விதமாக உண்பவர்கள் ஆகியோரிடம் காணும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான் பாலிமர் தரக்கூடிய உண்மையான ஆதாயம்.

இனி பாலிமர் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். படிகத்தில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன; கரைய வேண்டுமானால் முதலில் அந்தப் பிடியை உடைக்க வேண்டும். அல்பெண்டசோல் 208 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான், அதுவும் சிதைந்துகொண்டே, உருகுகிறது என்பதிலிருந்தே அந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்று ஊகிக்கலாம். அடுக்கைக் குலைத்துப் படிகமற்ற நிலைக்குக் கொண்டுவந்தால் கரைவது எளிதாகிறது. கற்கண்டும் பஞ்சுமிட்டாயும் ஒரே சர்க்கரைதான். பஞ்சுமிட்டாய் நாவில் பட்டதும் கரைவதற்கு அதன் மெல்லிழைகளோடு இந்தப் படிகமற்ற நிலையும் காரணம். அது மழைநாளில் பிசுபிசுத்துச் சுருங்கி மீண்டும் சர்க்கரைக் குருணையாக இறுகுவதும் இதே காரணத்தால்தான். படிகமற்ற நிலை நிலையற்றது, மூலக்கூறுகள் வாய்ப்புக் கிடைத்தால் மீண்டும் அடுக்கிக்கொள்ளும். மருந்து மூலக்கூறுகளுக்கிடையே நீண்ட பாலிமர் சங்கிலிகளை நுழைத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துவைத்து, அவை நகரும் வேகத்தைக் குறைப்பது பாலிமரின் முதல் வேலை.

இரண்டாவது வேலை வயிற்றுக்குள் நடக்கிறது. அல்பெண்டசோலைப் பொறுத்தவரை இதுவே முக்கியமானது. அது வலுக்குறைந்த காரம் என்பதால் இரைப்பையின் அமிலத்தில் ஓரளவு கரைந்துவிடும். அங்கிருந்து பிஎச் அளவு 6.5ஐ நெருங்கும் சிறுகுடலுக்குள் இறங்கியதும், கரைசல் தாங்கக்கூடியதைவிடப் பன்மடங்கு மருந்து அதில் இருக்கும். இந்த மீதெவிட்டிய நிலை சில நிமிடங்களிலேயே குலைந்து, மருந்து மீண்டும் படிகமாகி வீழ்படிந்துவிடும். கரைசலில் முன்பே கலந்துள்ள பாலிமர் அந்தப் படிகக் கருக்கள் உருவாவதையும் வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் ஓரிரு மணி நேரம் நீடித்தால் போதும், குடல் தன் வேலையைச் செய்துவிடும். இங்கே ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும்: இந்த வகையில் பாலிமர் மருந்தின் சமநிலைக் கரைதிறனை, அதாவது நெடுநேரம் விட்டபின் நிலைத்து நிற்கும் கரைதிறனை, பெரிதாக உயர்த்துவதில்லை. சமநிலை வருவதற்கு முன் கிடைக்கும் நேரத்தையே அது நீட்டிக்கிறது. பொலாக்சாமர் போல நுண்திவலைகளை உருவாக்கும் பாலிமர்கள் மட்டுமே சமநிலைக் கரைதிறனையும் உண்மையில் கூட்டுகின்றன.

இந்த இரண்டு வேலைகளையும் ஒரே பாலிமர் நன்றாகச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. 1961இல் செகிகுச்சியும் ஓபியும் சல்பதயசோலை யூரியாவோடு உருக்கிச் சேர்த்ததிலிருந்து தொடங்கிய இந்தத் துறையில், பாலிஎத்திலீன் கிளைக்கால் நெடுங்காலமாக மாணவர்களின் விருப்பப் பொருளாக இருந்துவருகிறது. 60 டிகிரி அளவில் உருகுகிறது, கண்ணாடிக் குவளையிலேயே செய்துவிடலாம். ஆனால் அது தானே பகுதியளவு படிகமானது. அதிலுள்ள மருந்தும் விரைவில் பிரிந்து படிகமாகிவிடும், மீதெவிட்டிய நிலையையும் அது சரியாகக் காப்பதில்லை. போவிடோன் மருந்தோடு நன்றாகப் பிணைகிறது, ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 1990களிலேயே அல்பெண்டசோலை அதனோடு விரவிக் கரையும் வேகம் உயர்வதைக் காட்டினார்கள். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மிகுதியாக இழுக்கும். கோபோவிடோன் அதைவிடக் குறைவாக ஈரம் இழுக்கும், உருக்கிப் பிழிவதற்கும் ஏற்றது. குடலில் வீழ்படிவைத் தடுப்பதில் பொதுவாக முன்னணியில் நிற்பவை செல்லுலோஸ் வழிவந்த ஹைப்ரோமெலோசும், அதிலிருந்து பெறப்படும் ஹைப்ரோமெலோஸ் அசிட்டேட் சக்சினேட்டும்தான். பொலாக்சாமர் 188ஐக் கொண்டு அர்ஜென்டினாவின் ஆய்வுக் குழுக்கள் அல்பெண்டசோல் விரவல்களைச் செய்து நாய்களில் இரத்த அளவு உயர்வதைக் காட்டியிருக்கின்றன. ஹைடாடிட் நோய் பரவலாக உள்ள நாடு என்பதால் அவர்களுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. ஒற்றைப் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ஹைப்ரோமெலோஸ் அசிட்டேட் சக்சினேட் என்பேன், ஆனால் அதை ஒரு தொடக்க ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாலிமர் எந்த மருந்தைத் தாங்கும் என்பதை ஏட்டிலிருந்து முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான முறை இன்றுவரை இல்லை, செய்துதான் பார்க்க வேண்டும்.

செய்வதிலும் அல்பெண்டசோல் பிடிவாதமானது. தெளித்து உலர்த்த வேண்டுமானால் மருந்தும் பாலிமரும் ஒரே கரைப்பானில் கரைய வேண்டும். எத்தனால், அசிட்டோன், டைகுளோரோமீத்தேன் போன்ற வழக்கமான கரைப்பான்களில் அல்பெண்டசோல் போதிய அளவு கரையாது. அசிட்டிக் அமிலத்திலும் பார்மிக் அமிலத்திலும் நன்றாகக் கரையும். இவ்விரு அமிலங்களும் எச்சக் கரைப்பான் விதிகளில் குறைந்த நச்சுடைய மூன்றாம் வகுப்பில்தான் உள்ளன. ஆனாலும் தெளித்து உலர்த்தும் இயந்திரத்தின் உலோகப் பகுதிகளுக்கும் இயக்குபவரின் கண்ணுக்கும் அவை நல்லவை அல்ல. வலுவான அமிலத்திலும் வெப்பத்திலும் மருந்தின் கார்பமேட் பகுதி சிதைந்து அமீன் உருவாகக்கூடும், அதை அளக்காமல் விடக்கூடாது. உருக்கிப் பிழியும் முறையில் மருந்து உருகும் வெப்பநிலையே சிதையும் வெப்பநிலையாக இருப்பதால், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகிய பாலிமருக்குள் மருந்தைக் கரைத்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதிக அளவு மருந்தை ஏற்ற முடியாது. பிராசிகுவாண்டெலில் இந்தச் சிக்கல்கள் ஏறத்தாழ இல்லை. 140 டிகிரிக்குள் உருகிவிடும், எத்தனாலில் கரையும். கட்டுரைகளில் அது அடிக்கடி தென்படுவதற்கு அதன் தேவையைவிட இந்த எளிமையே காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிராசிகுவாண்டெலின் எளிமைக்கும் ஒரு விலை உண்டு. படிகமற்ற பிராசிகுவாண்டெலின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை ஏறத்தாழ 38 டிகிரி. அதாவது நம் ஊர்க் கோடையில் மூடிய அறையொன்றிலேயே அது இளகி நகரத் தொடங்கிவிடும். 105 டிகிரி அளவில் நிலைமாறும் கோபோவிடோனை 70 விழுக்காடு சேர்த்தால், பாக்ஸ் சமன்பாட்டின்படி கலவையின் நிலைமாற்ற வெப்பநிலை 82 டிகிரிக்கு அருகில் வரும். சரிபாதி சேர்த்தால் 68. சேமிக்கும் வெப்பநிலை இதைவிட 50 டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பது துறையில் வழங்கும் ஒரு தோராய விதி. முதல் கலவை 32 டிகிரி வரை தாங்கும், இரண்டாவது 18 டிகிரியோடு நின்றுவிடும். இது ஈரம் இல்லாத கணக்கு. ஒரு சில விழுக்காடு நீர் உட்புகுந்தாலே நிலைமாற்ற வெப்பநிலை பல டிகிரி சரியும். வெப்பமண்டலத்துக்கான நிலைத்தன்மைச் சோதனை 30 டிகிரியிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும், விரைவுச் சோதனை 40 டிகிரியிலும் அதே ஈரப்பதத்திலும் நடக்கிறது. குளிரூட்டிய அறையில் உலர்த்திக் கலத்துக்குள் மூன்று மாதம் வைத்து ‘நிலையானது’ என்று எழுதுவது, இந்த மருந்துகள் தேவைப்படும் ஊர்களுக்குப் பொருந்தாது.

அளவிடுவதில் உள்ள பொறிகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘நூறு மடங்கு உயர்வு’ போன்ற எண்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. திண்ம விரவலை நீரிலிட்டு 24 மணியோ 48 மணியோ குலுக்கி, வடிகட்டி, அதைத் ‘தெவிட்டுக் கரைதிறன்’ என்று அட்டவணையிடும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. அவ்வளவு நேரத்தில் படிகமற்ற மருந்து வீழ்படிந்து படிகமாகிவிட்டிருந்தால், நீங்கள் அளப்பது பாலிமர் கரைந்த நீரில் சாதாரணப் படிகத்தின் கரைதிறனை மட்டுமே. முழுதும் வீழ்படியாமல் இருந்தால், சமநிலை அடையாத ஏதோ ஓர் இடைக்கணத்தை அளக்கிறீர்கள். இரண்டுமே விரவலின் கரைதிறன் அல்ல. அடுத்தது வடிகட்டி: 0.45 மைக்ரோமீட்டர் துளைகள் வழியே நுண்துளிகளும் நுண்துகள்களும் தாராளமாகக் கடந்துபோகும். அவையும் கரைந்தவையாகக் கணக்கில் சேர்ந்துவிடும். மீவேக மையவிலக்கு இல்லாத இடத்தில் 0.1 மைக்ரோமீட்டர் வடிகட்டியாவது வேண்டும், அதில் மருந்து ஒட்டிக்கொள்கிறதா என்று சரிபார்த்த பிறகு.

கரையும் வேகச் சோதனையில் 900 மி.லி. அமிலமோ, சோப்பு போலக் கரைக்க உதவும் சோடியம் லாரில் சல்பேட்டோ பயன்படுத்தினால் எல்லாக் கலவைகளும் நன்றாகவே தோன்றும், மீதெவிட்டலும் வீழ்படிவும் கண்ணுக்கே தெரியாது. முதலில் அரை மணி நேரம் அமிலத்தில் விட்டு, பின் பிஎச் 6.5க்கு மாற்றி, பித்த உப்பும் லெசிதினும் கலந்த செயற்கைக் குடல்நீரில் இரண்டு மணி நேரம் பார்க்கும் ஈரடுக்குச் சோதனைதான் அல்பெண்டசோலுக்கு நேர்மையானது. ஒப்பீட்டுக்கு வெறும் மருந்தை மட்டும் வைப்பதும் போதாது. அதே அளவு பாலிமரோடு சும்மா கலந்த பொடியையும், அதே துகளளவுக்கு அரைத்த படிகத்தையும் வைக்க வேண்டும். நாயஸும் விட்னியும் 1897இல் எழுதி, பின்னர் மற்றவர்கள் விரிவாக்கிய சமன்பாட்டின்படியே, பரப்பு கூடினால் வேகம் கூடும். பல கட்டுரைகளில் காணும் முன்னேற்றத்தில் கணிசமான பகுதி நனைதலாலும் துகள் சிறுத்ததாலும் வந்தது, படிகமற்ற நிலையால் அல்ல. படிகமின்மையை நிறுவ வெப்பப் பகுப்பாய்வை மட்டும் நம்பவும் கூடாது. சூடேறும்போதே மீதிப் படிகம் உருகிய பாலிமருக்குள் கரைந்து, உருகுமுகடு காணாமல் போய்விடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படமும் சேர்ந்தால்தான் நம்பலாம், அதற்கும் சில விழுக்காட்டுக்குக் கீழே உள்ள படிகங்கள் தென்படுவதில்லை.

உடலுக்குள் நடப்பதைப் பொறுத்தவரை எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்கிறேன். விரவல்கள் அல்பெண்டசோல் சல்பாக்சைடின் இரத்த அளவை எலி, முயல், நாய் ஆகியவற்றில் உயர்த்துகின்றன என்பதை உறுதி எனலாம். உயர்ந்த இரத்த அளவு மூளையிலோ கல்லீரலிலோ உள்ள கட்டிகளை அதிகமாகக் கொல்லுமா என்பது அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. அல்பெண்டசோல் வகை மருந்துகள் புழுவின் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றி நுண்குழாய்கள் உருவாகாமல் தடுப்பவை, அவற்றின் விளைவு உச்ச அளவைவிடத் தொடர்பின் நீளத்தைச் சார்ந்தது என்பதே பரவலான புரிதல். கால்நடை மருத்துவத்தில் இது நன்றாகத் தெரிந்ததே: ஆடு மாடுகளின் முதல் இரைப்பை மருந்தைத் தேக்கிவைத்து மெதுவாக விடுவிப்பதால்தான் இம்மருந்துகள் அங்கே அவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன. ஆகவே ஒரு மணி நேரத்தில் கூர்மையான உச்சத்தைத் தந்து சரியும் கலவையைவிட, உச்சம் தாழ்ந்தாலும் நாள் முழுதும் நிற்கும் கலவை சிறந்ததாக இருக்கக்கூடும். மூளைக்கட்டி நோயாளிகளுக்கு உடன் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோன் சல்பாக்சைடின் அளவை ஏற்கெனவே ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது, இரண்டுக்கு மேற்பட்ட உயிருள்ள கட்டிகள் இருந்தால் பிராசிகுவாண்டெலையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இவற்றோடு பாலிமர் தரும் உயர்வும் சேர்ந்தால் நன்மை கூடுமா, எலும்பு மச்சையிலும் கல்லீரலிலும் தீங்கு கூடுமா என்பதை மனிதரில் சோதித்தால் மட்டுமே சொல்ல முடியும். நீண்டகாலச் சிகிச்சையில் இப்போதே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்த அணுக்களையும் கல்லீரல் நொதிகளையும் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

மருந்துக் கடையில் ஏன் இல்லை என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி மேலே வந்துவிட்டது. எஞ்சியது எடையும் விலையும். 400 மி.கி. அல்பெண்டசோலை 20 விழுக்காடு ஏற்றத்தில் (விரவலின் எடையில் மருந்தின் பங்கு) விரவினால் 2 கிராம் பொடி வரும், மாத்திரைக்கான மற்றப் பொருள்கள் அதற்கு மேல். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கிலோவுக்கு 40 மி.கி. வீதம் 2400 மி.கி. பிராசிகுவாண்டெல் தேவை, 30 விழுக்காடு ஏற்றத்தில் அது 8 கிராம் பொடியாகும். யார் விழுங்குவார்? உறிஞ்சுதல் உயர்ந்தால் அளவைக் குறைக்கலாமே என்பீர்கள். குறைக்கலாம்தான், ஆனால் அப்போது அது பழைய மாத்திரைக்குச் சமமான மருந்து அல்ல, புதிய அளவைக் கண்டறியும் மனிதச் சோதனைகள் அனைத்தும் தேவை. அல்பெண்டசோலும் பிராசிகுவாண்டெலும் காப்புரிமை முடிந்தவை, உற்பத்தியாளர்கள் உலக சுகாதார நிறுவனம் வழியே பெருமளவில் இலவசமாக வழங்குபவை. அந்தச் சோதனைச் செலவை ஏற்க யாருக்கும் வணிகக் காரணம் இல்லை. தொழில்நுட்பம் இயலாதது அல்ல: எச்.ஐ.வி. மருந்துகளான லோபினாவிரும் ரிடோனாவிரும் கோபோவிடோனில் உருக்கிப் பிழியப்பட்டு 2005இல் மாத்திரையாக வந்தபோது, குளிர்பெட்டியும் கொழுப்புணவும் தேவையற்றுப் போயின. அங்கே செலவிடச் சந்தை இருந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் வசதியில் நான் இதைச் செய்வதாக இருந்தால், விரவல் செய்வதை முதல் வேலையாக வைக்க மாட்டேன். அல்பெண்டசோலை டைமெத்தில் சல்பாக்சைடில் அடர்த்தியாகக் கரைத்து, ஐந்தாறு பாலிமர்கள் தனித்தனியே கரைந்திருக்கும் பிஎச் 6.5 தாங்கற்கரைசல்களில் சில துளி விட்டு, கலங்கல் எத்தனை நிமிடத்தில் தோன்றுகிறது என்று நிறமாலைமானியில் இரண்டு மணி நேரம் பார்ப்பேன். மருந்தும் பணமும் மிகக் குறைவாகவே செலவாகும், பாலிமர்களில் பாதியை அந்த வாரமே கழித்துவிடலாம். எஞ்சிய இரண்டை மட்டும் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து உலர்த்தி, 10, 20, 30 விழுக்காடு ஏற்றங்களில் விரவல் செய்து, அமீன் சிதைபொருளை அளந்து, ஈரடுக்குச் சோதனையில் வைப்பேன். அந்தச் சோதனையில் வெறும் வயிற்று நீருக்கான செயற்கைக் கரைசலோடு, உணவுண்ட நிலைக்கான பித்த உப்பு மிகுந்த கரைசலில் கடை மாத்திரையையும் ஒரு வரிசையாகச் சேர்த்துவிடுங்கள். விரவல் அந்த வரிசையை நெருங்கவில்லையென்றால் அதையும் அப்படியே ஆய்வேட்டில் எழுதுங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருந்தாலும், இந்தத் துறையில் வேலை செய்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.